கோபுரம் யாருக்கு, வெக்கை யாருக்கு?

2025 ஆகஸ்ட் மாதத்தில், மும்பை வொர்லியிலுள்ள பி.டி.டி. சால்களில் குடியிருந்த 556 குடும்பங்களுக்குப் புதிய வீடுகளின் சாவிகள் வழங்கப்பட்டன. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் பம்பாய் வளர்ச்சித் துறை தொழிலாளர்க்கென எழுப்பிய 207 கட்டடங்கள் வொர்லி, நாய்காவ், என்.எம். ஜோஷி மார்க், சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் இருந்தன. ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி, கழிப்பறை பொது. ஆலைத் தொழிலாளர் இயக்கமும் தலித் இயக்கமும் வேரோடி வளர்ந்த மண் அது. அங்கே மூன்று தலைமுறைகளாக ஓர் அறையில் ஒடுங்கிக் கிடந்தோர்க்கு இப்போது நாற்பது மாடிக் கோபுரத்தில் 500 சதுர அடி வீடு கிடைக்கிறது. இஃது அரசின் கருணையால் வந்ததன்று. இடத்தை விட்டுப் பெயர மறுத்து, அதே மண்ணில் வீடு வேண்டுமென்று பல்லாண்டுகள் நின்ற மக்களின் உறுதியால் வந்தது. அந்த மகிழ்ச்சியில் நாமும் பங்கு கொள்கிறோம்.

ஆயினும் சாவியைப் பெற்றவர் வீட்டினுள் நுழைந்தபின் எழும் கேள்விகளை நமது இயக்கம் இதுவரை போதிய அளவு எழுப்பவில்லை. சித்திரை, வைகாசியில் அந்த வீட்டினுள் வெப்பம் எவ்வளவு இருக்கும்? சுவர் எதனால் ஆனது? சாளரம் எவ்வளவு திறக்கும்? முப்பத்தெட்டாவது மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மின்சாரத்துக்கு யார் பணம் கட்டுவார்? இவற்றைப் பொறியாளரின் கேள்விகளென்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. ‘பசுமைக் கட்டடம்’ என்றதும் கண்ணாடி போர்த்திய அலுவலக மாளிகையின் வாயிலில் பளபளக்கும் தரச்சான்றுப் பலகை நினைவுக்கு வருவதே இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். எரிசக்திச் சிக்கனம் என்பது வசதி படைத்தோரின் அலங்காரம் என்ற எண்ணம் அதனால் வேரூன்றிவிட்டது. உண்மை நேர்மாறானது.

ஒன்றிய அரசு 2019 மார்ச்சில் வெளியிட்ட இந்தியக் குளிர்வித்தல் செயல்திட்டம், நாட்டின் குடும்பங்களில் 8 விழுக்காட்டினரிடமே அறைக் குளிரூட்டி இருந்ததாகக் கூறுகிறது. 2037–38இல் அது 40 விழுக்காட்டை எட்டும் என்பது அதன் மதிப்பீடு. அந்த மதிப்பீடு அப்படியே பலித்தாலும், அன்றும் பத்துக் குடும்பங்களில் ஆறு ஏ.சி. இன்றியே வாழும். ஏ.சி. உள்ள வீட்டில் கட்டடத்தின் வடிவமைப்புக் குறைபாடு மின்கட்டணச் சீட்டில் வெளிப்படுகிறது. ஏ.சி. இல்லாத வீட்டில் அதே குறைபாடு உடலில் வெளிப்படுகிறது: உறக்கமின்மையாக, குழந்தையின் வேர்க்குருவாக, முதியவரின் மூச்சுத் திணறலாக. பகலில் வெயிலில் சாரம் கட்டி நின்ற தொழிலாளி இரவில் குளிர்ந்த இடத்தில் உறங்கினால்தான் மறுநாளைய வெயிலைத் தாங்குவார். அந்த இரவுக் குளிர்ச்சியை அவருக்குத் தரவேண்டியது வீட்டின் சுவரும் கூரையும் சாளரமும்தான்.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், அதுவரை வணிகக் கட்டடங்களை மட்டுமே குறிவைத்திருந்த விதிகளின் வரம்புக்குள் குடியிருப்புகளையும் கொண்டுவந்தது. 100 கிலோவாட் இணைப்புச் சுமை, அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை உள்ள கட்டடங்கள் அதன் வரம்புக்குள் வரும். மாநில அரசு விரும்பினால் இந்த அளவை இன்னும் குறைக்கலாம். குடியிருப்புகளுக்கான நெறித்தொகுப்பு அதற்கு முன்பே, 2018இல், ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் வந்துவிட்டது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனையில் கட்டப்படும் குடியிருப்புகளுக்கு அது பொருந்தும். கீழே கடையும் அலுவலகமும் மேலே வீடுகளும் கொண்ட கலப்புப் பயன்பாட்டுக் கட்டடமாயின், அதன் குடியிருப்புப் பகுதிக்கும் பொருந்தும். ஆனால் மாநில அரசு அறிவிக்கை செய்து, உள்ளாட்சிகளின் கட்டட விதிகளில் அதைச் சேர்த்தாலன்றி, எந்தக் கட்டுமான முதலாளியும் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒன்றிய அரசு நெறியை எழுதும், மாநிலம் காத்திருக்கும், மாநகராட்சி தனக்கு உத்தரவு வரவில்லை என்னும். இதற்கிடையில் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் எழும்பிவிடுகின்றன. எழும்பிய சுவர் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு நிற்கும்.

அந்த நெறித்தொகுப்பின் உள்ளடக்கத்தைத் தோழர்கள் அறிந்துகொள்வது அவசியம். வெயிலில் நிற்கும் கட்டடத்தின் வெளிச்சுவரும் சாளரங்களும் ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக எத்தனை வாட் வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு அது ஓர் எல்லை வகுக்கிறது. குளிர்ப் பிரதேசம் நீங்கலாக நாடு முழுவதற்கும் அந்த எல்லை 15 வாட். ஒரு வீட்டுக்கு 25 சதுர மீட்டர் வெளிச்சுவர் இருப்பதாகக் கொள்வோம். எல்லைக்குள் அடங்கிய வீட்டிலேயே 375 வாட் வெப்பம் உள்ளே வந்துகொண்டிருக்கும். ஐந்து மின்விசிறிகள் ஓட எவ்வளவு மின்சாரம் தேவையோ அவ்வளவுக்குச் சமமான வெப்பம் அது. எல்லையை மீறிய வீட்டின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

எல்லை மீறப்படுவது எவ்வாறு? இங்குதான் பொறியியலுக்குள் அரசியல் பொருளாதாரம் நுழைகிறது. கட்டுமானத் தொழிலாளர்கள் ‘மைவான்’ என்றழைக்கும் அலுமினிய ஷட்டரிங் முறையை நம் தோழர்களில் பலர் கையாண்டிருப்பார்கள். செங்கல்லும் கொத்து வேலையும் இன்றி, சுவரும் தளமும் ஒரே வார்ப்பாகக் கான்கிரீட்டில் எழும் முறை அது. தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரைந்து ஏறுகின்றன. போட்ட மூலதனம் விரைந்து திரும்புகிறது. வங்கி வட்டி குறைகிறது. கொத்தனாரின் தேவையும் குறைகிறது. ஆனால் 150 மி.மீ. கனமுள்ள கான்கிரீட் சுவர், உள்ளும் புறமும் ஒரு பாகை வெப்ப வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டரில் மூன்றரை வாட்டுக்கு மேல் வெப்பத்தைக் கடத்துகிறது. 230 மி.மீ. செங்கல் சுவர் ஏறத்தாழ இரண்டு வாட் கடத்தும். ஏ.ஏ.சி. என்னும் இலகு கான்கிரீட் கற்களால் 200 மி.மீ. கனத்தில் கட்டிய சுவர் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே கடத்தும். அதாவது, முதலாளியின் மூலதனம் வேகமாகச் சுழல்வதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சுவர், தொழிலாளியின் வீட்டினுள் நான்கு மடங்கு வெப்பத்தை விடுகிறது. கான்கிரீட் சுவருக்கு நில அதிர்வைத் தாங்கும் வலிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த வலிமையை விட்டுக்கொடுக்காமலே சுவரின் வெளிப்புறத்தில் வெப்பத்தடுப்பு அடுக்கு பூசலாம். சாளரங்களுக்கு மேல் அகலமான சன்ஷேடு வைக்கலாம். மேற்குச் சுவரை நிழலில் நிறுத்தலாம். இவை விற்பனைக் கட்டடங்களில் நடக்கின்றன. மறுவாழ்வுக் கட்டடங்களின் மதிப்பீட்டில் வெட்டப்படும் முதல் இனங்களும் இவையே.

சாளரத்தின் கதையும் இதுதான். மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற புழுக்கம் மிகுந்த கடலோர நகரங்களில், வீட்டுப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையாமல் திறப்பு இருக்க வேண்டும் என்கிறது அந்த நெறி. சாளரம், காற்றுத்துளை, வெளிக்காற்றை நோக்கிய கதவு யாவும் இதில் அடங்கும். 300 சதுர அடி வீட்டுக்கு 50 சதுர அடித் திறப்பு தேவை. ஆனால் மலிவு விலைக் குடியிருப்புகளில் பொருத்தப்படுவது பெரும்பாலும் இழுவைச் சாளரம். ஒரு கதவை இழுத்தால் மறு கதவின்மேல் ஏறும். எப்படித் திறந்தாலும் பாதிதான் திறக்கும். கீல் வைத்த சாளரமாயின் பத்தில் ஒன்பது பங்கு திறக்கும். இழுவைச் சாளரத்தால் 50 சதுர அடித் திறப்பைப் பெறவேண்டுமானால் 100 சதுர அடி சாளரம் வைக்கவேண்டும். அவ்வளவு சுவர் அந்த வீட்டுக்கு ஏது?

சாளரம் திறந்தாலும் காற்று வரவேண்டுமே. கோவண்டி, மான்கூர்ட் பகுதிகளில் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பி.எம்.ஜி. காலனி என்று மூன்று குடியமர்வுக் காலனிகள் உள்ளன. ரயில் பாதைக்கும் சாலைக்கும் இடம் விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் அங்கு கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டார்கள். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே மூன்று மீட்டர் அளவே இடைவெளி. கீழ்த்தள வீடுகளில் நண்பகலிலும் விளக்கெரிகிறது. ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, வெயிலும் காற்றும் புகாத இந்த அமைப்புக்கும் அங்கே காசநோய் பரவியதற்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டியது. கீழ்த்தளங்களில் வாழ்வோரே கூடுதலாகத் தாக்குண்டனர் என்றும் கண்டது. காற்றும் வெளிச்சமும் இல்லாத வீட்டில் மின்சாரமும் வீணாகிறது, உயிரும் வீணாகிறது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

மூன்று மீட்டர் என்ற அளவு எங்கிருந்து வந்தது? 1995இல் தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டத்தின் உள்ளமைப்பிலேயே விடை உள்ளது. குடிசைவாசிக்கு இலவச வீடு. அதற்கு ஈடாகக் கட்டுமான முதலாளி அதே நிலத்தில் விற்பனைக் கோபுரம் கட்டிக்கொள்ளலாம். ஏக்கர் ஒன்றில் எத்தனை மறுவாழ்வு வீடுகளைத் திணிக்க முடியுமோ அவ்வளவுக்கு விற்பனைக்கு மிஞ்சும் நிலம் பெருகும். ஆகவே விதிகள் மறுவாழ்வுக் கட்டடங்களுக்கு ஹெக்டேருக்குக் குறைந்தபட்சம் 500 வீடுகள் என்றும், பின்னர் 650 என்றும் நிர்ணயித்தன. அடர்த்திக்கு மேல்வரம்பு வைக்கும் நகரங்கள் உண்டு. இங்கே கீழ்வரம்பு வைத்தார்கள்! பக்கவாட்டு வெளிகளைக் குறைத்துக்கொள்ளச் சலுகையும் தந்தார்கள். கடற்காற்று வரும் மேற்குத் திசையில் விற்பனைக் கோபுரம் நிற்பதும், அதன் முதுகுப்புறத்தில் மறுவாழ்வுக் கட்டடங்கள் ஒன்றையொன்று மறைத்து நிற்பதும் மும்பையில் சுற்றிவரும் எவரும் காணக்கூடிய காட்சி. விற்பனைக் கோபுரத்தின் நூற்றுக்கணக்கான ஏ.சி. எந்திரங்கள் வெளியேற்றும் அனலும் அந்தச் சந்துகளில்தான் வந்து தேங்குகிறது.

மனையின் திசையையும் ஞாயிற்றின் போக்கையும் அளந்து கட்டும் அறிவு நமக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில், சிற்பநூல் வல்லார் நண்பகல் நிழலைக் கோல் நட்டு அளந்து திசை தேர்ந்து மனை வகுத்த செய்தி வருகிறது. அது அரசனுக்குரிய மனை; தேவிக்குரிய கட்டில். அந்த மாளிகையை எழுப்பிய தச்சரும் கல்தச்சரும் தம் குடில்களுக்கு எத்திசைக் காற்றைப் பெற்றார்கள் என்று அப்பாட்டில் தேடிப் பயனில்லை.

உயரத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். வானளாவிய கட்டடம் முன்னேற்றத்தின் அடையாளம் என்னும் மயக்கம் நம் தோழர்கள் சிலரிடமும் உண்டு. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு, தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற தேசிய அளவுப்படி, 675 லிட்டர் தண்ணீர் வேண்டும். நாற்பது மாடி என்பது ஏறத்தாழ 120 மீட்டர். தரைமட்டத் தொட்டியிலிருந்து உச்சித் தொட்டிக்கு அந்தத் தண்ணீரை ஏற்ற, மோட்டாரும் பம்பும் பாதித் திறனில் இயங்குவதாகக் கொண்டால், ஒரு குடும்பத்துக்கு மாதம் 13 யூனிட் மின்சாரம் செலவாகும். அதே குடும்பம் தரைத்தளமும் மூன்று மாடிகளுமாக இருந்த பழைய சாலில் வாழ்ந்தபோது இந்தச் செலவு இரண்டு யூனிட்டைத் தாண்டியிருக்காது. இது தண்ணீருக்கு மட்டும். இதன்மேல் லிஃப்ட், வெளிச்சம் புகாத நடைக்கூடங்களில் நாளெல்லாம் எரியும் விளக்குகள், தீயணைப்புப் பம்புகள், வாகன நிறுத்தத் தளங்களின் காற்றுவிசிறிகள்.

இந்தப் பொதுச் செலவை யார் ஏற்பது? மறுவாழ்வுத் திட்டத்தில் கட்டுமான முதலாளி ஒரு வீட்டுக்கு 20,000 ரூபாய் வீதம் பராமரிப்பு மூலநிதியாகச் செலுத்த வேண்டும் என்று விதி இருந்தது. பின்னர் அத்தொகை 40,000 ஆக உயர்ந்தது. இதன் வட்டியில் லிஃப்ட் ஓடும் என்று எண்ணியவர் லிஃப்டின் மின்கட்டணத்தையோ பழுதுபார்ப்புக் கட்டணத்தையோ கண்டவரல்லர். தவணை கட்ட முடியாத கூட்டுறவுச் சங்கங்களில் லிஃப்ட் நிற்கிறது. லிஃப்ட் நின்ற கட்டடத்தில் மேல்மாடி முதியவர் வீட்டோடு சிறைப்படுகிறார். கர்ப்பிணிப் பெண் தண்ணீர்க்குடத்தோடு படியேறுகிறார். பிறகு வீட்டை விற்றுவிட்டு மீண்டும் குடிசைக்குப் போகும் குடும்பங்களைக் காட்டி, “ஏழைக்கு வீடு கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியாது” என்று நடுத்தர வர்க்கத்து வரவேற்பறைகளில் பேசுகிறார்கள்.

பொது இணைப்பின் கட்டண விகிதத்தைத் தீர்மானிப்பது ஒழுங்குமுறை ஆணையம். தமிழ்நாட்டுத் தோழர்கள் இதை நேரில் கண்டவர்கள். 2022 செப்டம்பரில் அங்கே அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்துக்குத் தனி விகிதம் ஏற்படுத்தி, யூனிட்டுக்கு 8 ரூபாய் விதித்தார்கள். எதிர்ப்பு எழுந்தபின் 2023இல் அதை 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தபோது, பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மிகாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்கே அந்தச் சலுகை என்றார்கள். அரசின் திட்டமே உயரமான கட்டடத்தில் குடியேற்றுகிறது. அரசின் கட்டணமே உயரத்துக்குத் தண்டம் விதிக்கிறது.

கூரையில் சூரியத் தகடு வைத்தால் போதும் என்று சொல்வோர் உண்டு. 2024இல் அறிவிக்கப்பட்ட ‘பி.எம். சூர்யா கர்’ திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. அதைப் பெறுவதை நாம் எதிர்க்கவில்லை, பெற்றே ஆகவேண்டும். ஆனால் தளத்துக்கு எட்டு வீடுகள் வீதம் நாற்பது தளங்களில் 320 வீடுகள் ஒரே கூரையைப் பங்கிடுகின்றன. தொட்டிகளும் லிஃப்ட் அறையும் போக 300 சதுர மீட்டர் கூரை மிஞ்சுவதாகக் கொண்டால், அங்கே 30 கிலோவாட் தகடுகள் அமையும். நாளொன்றுக்கு 120 யூனிட் கிடைக்கும். வீட்டுக்கு மாதம் பதினோரு யூனிட்டைச் சற்றே தாண்டும். முன்னே சொன்ன தண்ணீரை ஏற்றவே அது போதாது! அதே கூரை நான்கு தளக் கட்டடத்தின்மேல் இருந்தால் 32 வீடுகளுக்கு மாதம் நூறு யூனிட்டுக்கு மேல் பங்கு வரும். உயரத்தை அளவோடு வைத்து, கட்டடங்களுக்கிடையே காற்றுக்கு வழிவிட்டு, சுவரைச் சீர்செய்வதே எரிசக்திச் சிக்கனத்தின் முதற்படி. தகடும் சான்றிதழும் அதற்குப் பின்னரே. அந்த முதற்படிக்கு நிலம் வேண்டும். நிலமோ விற்பனைக் கோபுரத்திடம் இருக்கிறது.

‘கலப்புப் பயன்பாடு’ என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். திட்ட அறிக்கைகளை மொழிபெயர்க்கும் மேசையில் இச்சொல் அடிக்கடி வந்து விழுகிறது. ஏதோ புதிய கண்டுபிடிப்பைப் போன்ற மிடுக்கோடு வருகிறது. கீழே மளிகைக் கடை, மேலே வீடு, நடையில் தையல் எந்திரம் என்று நம் நகரங்களின் உழைக்கும் மக்கள் காலங்காலமாக வாழ்ந்த முறைக்குத்தான் இந்தப் பெயர். அதில் எரிசக்தி நன்மை உண்மையாகவே உண்டு. வேலையிடமும் கடையும் பள்ளியும் நடக்கும் தொலைவில் இருந்தால் பயணத்துக்கு எரிபொருள் தேவையில்லை. கடையின் மின்தேவை பகலில் உயரும், வீட்டின் மின்தேவை மாலையில் உயரும்; இரண்டும் ஒரே மின்மாற்றியைப் பகிர்ந்தால் குறைந்த திறனுள்ள மின்மாற்றியே போதும்.

ஆனால் யாருடைய பயன்பாடுகள் கலக்கப்படுகின்றன? 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் மூடப்பட்ட மும்பை ஆலைகளின் நிலத்தில், மூன்றில் ஒரு பங்கு நகரின் திறந்தவெளிக்கும், மூன்றில் ஒரு பங்கு மஹாடாவின் வீடுகளுக்கும் தரப்படவேண்டும் என்று 1991இன் விதி கூறியது. 2001இல் அந்தப் பங்கீடு ஆலையின் காலிமனைக்கு மட்டுமே பொருந்தும் என்று திருத்தினார்கள். 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இன்று லோயர் பரேலில் வணிக வளாகம், அலுவலகம், ஆடம்பரக் குடியிருப்பு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. அந்தக் கலப்பில் ஆலைத் தொழிலாளியின் வீடு மட்டும் சேரவில்லை.

அடுத்த களம் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று தோல் பதனிட்டவர்களின் வழித்தோன்றல்கள் உட்பட, பல மொழி பேசும் உழைப்பாளர் வாழும் இடம் அது. கீழே பட்டறை, ஏணி ஏறினால் வீடு. மறுசுழற்சி, தோல், மண்பாண்டம், ஆயத்த ஆடை என்று நீளும் அந்தத் தொழில்களின் உயிர்நாடியே வீடும் பட்டறையும் ஒட்டியிருப்பதுதான். 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமம் இந்தத் திட்டத்தைப் பெற்றது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு. தகுதியுடையோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி என்கிறார்கள். ஏணிக்கு மேல் வாழ்ந்தோர்க்குத் தாராவிக்கு வெளியே, தவணைக் கொள்முதல் முறையில் வீடு என்கிறார்கள். கலப்புப் பயன்பாட்டின் பெயரால், உண்மையாகவே கலந்திருந்த ஒன்றைப் பிரித்தெடுக்கும் வேலை இது. பட்டறை ஓரிடம், உறங்குமிடம் ஓரிடம் என்றாகிவிட்டால், இதுவரை ஏணி ஏறிய மனிதர் இனி ரயில் ஏறுவார். வீட்டிலிருந்தே அப்பளம் இட்டும் பொத்தான் தைத்தும் வாழ்ந்த பெண்கள், நாளெல்லாம் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே வேலை செய்வார்கள். விசிறிக்கும் விளக்குக்குமான மின்கட்டணம் அவர்களின் துண்டுக்கூலியிலிருந்தே போகும். கோபுரத்தின் மின்சிக்கனத்தைக் கணக்கிடும் எந்த நிபுணரும் இந்த இரண்டு செலவுகளையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதலாளித்துவம் குடியிருப்புப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குத் தள்ளிவிடுகிறது என்று எங்கெல்ஸ் 1872இல் விளக்கினார். அவர் கண்டது பாரிஸ் நகரை. எனினும் முதலாளித்துவத்துக்கு உள்ளேயே, தொழிலாளர் இயக்கம் ஒரு மாநகராட்சியைக் கைப்பற்றியபோது என்ன செய்ய முடிந்தது என்பதற்கும் சான்று உண்டு. வியன்னாவில் 1927 முதல் 1930 வரை கட்டப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பில் 1,382 வீடுகள். மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்திலேயே கட்டடம். எஞ்சியவை முற்றங்களும் தோட்டங்களும். சலவைக்கூடம், குளியலகம், மழலையர் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை, கடைகள் யாவும் அதற்குள்ளேயே இருந்தன. அந்தக் கலப்புப் பயன்பாட்டில் கலந்தவை தொழிலாளியின் தேவைகள். 1934 பிப்ரவரியில் அரசுப் படை அதன்மேல் பீரங்கி கொண்டு சுட்டது என்பதும் அந்தக் கட்டடத்தின் வரலாற்றில் அடங்கும்.

“முதலில் தலைக்கு மேல் கூரை, சுவரின் வெப்பமெல்லாம் பிறகு பார்க்கலாம்” என்ற வாதம் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று, நம் கூட்டங்களிலும் கேட்கிறது. நல்ல சுவருக்குச் செலவு கூடும் என்பது அதன் உட்பொருள். ராஜ்கோட் மாநகராட்சி, பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின்கீழ், ‘ஸ்மார்ட் கர்’ என்ற பெயரில் 1,176 ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டிய குடியிருப்பை இங்கே எடுத்துக்காட்டலாம். இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம் ஒன்றின் பொறியாளர்கள், வரைபட நிலையிலேயே அதில் தலையிட்டனர். வெளிச்சுவருக்கு ஏ.ஏ.சி. கற்கள், முழுதும் திறக்கும் சாளரங்கள், கூரையில் வெப்பத்தடுப்பு, வீடுகளின் காற்றை உறிஞ்சி மேலே தள்ளும் செங்குத்துக் காற்றுவழி ஆகியவற்றைச் சேர்த்தனர். கோடையின் உச்சத்தில் அறை வெப்பம் ஐந்து பாகைக்கு மேல் குறையும் என்று கணக்கிடப்பட்டது. அங்கே ஆளும் கட்சி எது என்பதைத் தோழர்கள் அறிவார்கள். சர்க்கார் கட்டும் ஏழை வீட்டிலேயே இது இயலுமென்றால், ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் விற்பனை வருவாய் உள்ள மும்பைத் திட்டங்களில் ஏன் இயலாது என்ற கேள்வியை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

சட்டமன்றத்திலும் மாநகராட்சிகளிலும் உள்ள நம் உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய முதல் கோரிக்கை: குடியிருப்பு எரிசக்தி நெறியை மாநில அரசுகள் உடனே அறிவிக்கை செய்ய வேண்டும், அரசு நிலத்திலும் அரசுச் சலுகையிலும் எழும் எல்லா மறுவாழ்வு, மலிவு விலைக் கட்டடங்களுக்கும் அளவு வேறுபாடின்றி அதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரே மனையில் விற்பனைக் கட்டடமும் மறுவாழ்வுக் கட்டடமும் எழும்போது, இரண்டின் சுவர், சாளர அளவுகளையும் அருகருகே வெளியிடச் செய்ய வேண்டும். பொது மின் இணைப்புக்குத் தண்டக் கட்டணம் கூடாது. லிஃப்ட், பம்பு ஆகியவற்றின் முப்பதாண்டு இயக்கச் செலவைக் கணக்கிட்டு மூலநிதியை நிர்ணயிக்க வேண்டும். இருபதாயிரம், நாற்பதாயிரம் என்று குத்துமதிப்பாக அன்று.

இவை மேலிருந்து நடக்கும்வரை கிளைகள் காத்திருக்க வேண்டியதில்லை. குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில் பொதுவாகக் குடியிருப்போர் 51 விழுக்காட்டினரின் ஒப்புதலைக் கட்டுமான முதலாளி பெற்றாக வேண்டும். அந்தக் கையெழுத்துக்காக வீடுவீடாக வருவார்கள், விருந்து வைப்பார்கள், மாதிரி வீட்டின் வண்ணப்படம் காட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் வண்ணப்படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மனை வரைபடத்தை மேசைமேல் விரிக்கச் சொல்ல வேண்டும். கட்டடங்களுக்கிடையே எத்தனை மீட்டர், வெளிச்சுவர் எதனால், சாளரம் கீலா இழுவையா, எந்தத் திசை யாருக்கு, எத்தனை லிஃப்ட், மின்சாரம் தடைப்பட்டால் எத்தனை இயங்கும், கீழ்த்தளத்தில் யாருடைய கடைகள் என்று கேட்டு, விடைகளைத் தீர்மானமாக எழுதி வாங்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது. வரைபடத்தில் சுவரின் கனத்தைக் கண்ட மாத்திரத்தில் சொல்லக்கூடியவர் அவர். ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றை மராத்தியிலும் இந்தியிலும் உருதுவிலும் தமிழிலும் தரவேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எரிசக்தி நெறித்தொகுப்பின் முக்கியப் பகுதிகளின் எளிய தமிழாக்கத்தை அடுத்த இதழ் முதல் தொடராக வெளியிடுகிறோம். கிளைகள் தம் பகுதியிலுள்ள மறுவாழ்வுக் கட்டடங்களின் இடைவெளி, சுவர், சாளர விவரங்களை அளந்து எழுதியனுப்பினால், அவற்றையும் அத்தொடரில் சேர்ப்போம்.